நாரி கட்டிய வேலி

அந்தக் காலத்தில், உடம்புக்குள் இருக்கும் செல்களுக்கும் வாய் இருந்தது. வாய் இருந்ததால் வம்பும் இருந்தது. புருஷன் போன பிறகு உப்பளத்தில் உழைத்து இரண்டு பெண்களை வளர்த்த செங்கமலத்தின் இடது மார்பில், நாரி என்றொருத்தி குடியிருந்தாள். நார் பின்னிக் காயத்தை மூடுவது அவள் வேலை. "வலிக்குது" என்று யார் கூப்பிட்டாலும் ஏன், எதற்கு என்று கேட்காமல் ஓட வேண்டும் என்பது அவள் குலத்து வழக்கம். நல்ல வழக்கம்தான், வினையும் அதிலேதான் இருந்தது.

பக்கத்தில் ஒரு கட்டி முளைத்தது. அதன் நடுவில் வித்தி இருந்தாள். கட்டியின் மற்ற செல்களையெல்லாம் பெற்றுப்போட்ட தாய் அவள்தான்.

"அக்கா, எனக்குக் காயம். சுத்தி ஒரு வேலி கட்டிக் குடுங்க. கொஞ்சம் கஞ்சியும் ஊத்துங்க."

காயம் எங்கே என்று நாரி பார்க்கவில்லை. பின்னினாள், ஊட்டினாள். ஆறாத காயத்துக்கு இப்படி உழைக்கிறோமே என்று பெருமை வேறு.

செங்கமலத்தின் நரம்பு வழியே சிவப்பு மருந்து வந்தது. ஓயாமல் பெருகிக்கொண்டிருந்த செல்களையெல்லாம் சாய்த்தது. பாவம், அவள் தலைமுடியையும் விடவில்லை. கடைசியாக வேலியருகே வந்து நின்றது.

"உள்ளே யாரு?"

"காயம்பட்ட புள்ள. அசையாமத் தூங்குறா. போய்யா, எழுப்பாதே."

பெருகுகிறவர்களை மட்டுமே அடிக்கத் தெரிந்த மருந்து திரும்பிப் போனது.

கட்டி கரைந்தது. "இனிமே நீங்க இங்க வரவே வேண்டாம்மா" என்றார் டாக்டர் ரெஜினா. செங்கமலமும் நிம்மதியாக உப்பளத்துக்குப் போனாள்.

இரண்டு வருஷம் கழித்து வித்தி கண் விழித்தாள். ஒன்று நூறானது. அதே மருந்து மறுபடி வந்தது, ஆனால் ஒருத்தியும் சாகவில்லை. வேலிக்குள் இருந்த காலத்தில் மருந்தை வெளியே துப்பிவிடும் வித்தையை வித்தி கற்றிருந்தாள். பெற்றதுகளுக்கும் அது வந்துவிட்டது.

"சரியாப் போச்சுன்னீங்களே டாக்டர்? எனக்கு இன்னும் ஒரு பொண்ணக் கட்டிக் குடுக்கணும்."

செங்கமலத்தின் அந்தக் குரல் நாரிக்குக் கேட்டது. அப்போதுதான் அவள் வேலிக்குள் எட்டிப் பார்த்தாள்; அங்கே காயமே இல்லை.

"நான் கட்டியை மட்டுந்தான் பார்த்தேன்" என்றார் டாக்டர். " அக்கம்பக்கத்துல யாரு அதுக்குச் சோறு போடுறாங்கன்னு பார்க்கல. இந்தத் தடவை முதல்ல வேலியப் பிரிப்போம்மா."

வேலி பிரிக்கும் மருந்து வந்தபோது நாரி எதிர்க்கவில்லை. "பாம்புக்குப் பால் வார்த்துட்டேனே" என்று அழுதபடி முடிச்சுகளைத் தானே அவிழ்த்தாள். பின்னால் வந்த புது மருந்தில் வித்தி சாய்ந்தாள்.

"எல்லாரும் போயாச்சா?" என்றது மருந்து.

ரத்த வாய்க்கால் பக்கம், பிரிப்பதற்கு முன்பே வேலியில் ஒரு சந்து இருந்தது. அதன் வழியே வித்தி பெற்றதில் ஒருத்தி நழுவியிருந்தால்? நாரி வெகுநேரம் பார்த்தாள்.

"தெரியலைய்யா."

வெளியே செங்கமலமும் அதைத்தான் கேட்டாள். டாக்டரும் இந்தத் தடவை பொய்த் தெம்பு சொல்லவில்லை. "தெரியலம்மா. மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டிட்டுப் போங்க."

அன்று முதல்தான், கட்டி கரைந்து முடி வளர்ந்த பிறகும், பெண்கள் சீட்டை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்து, தங்கள் பெயரைக் கூப்பிடும்வரை பெஞ்சில் காத்திருக்கிறார்கள்.