கடிதத்தில் கையெழுத்து மட்டும் பாக்கி

கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு சின்ன மடம். அதில் ஓர் இலவச மருந்தகம். வியாழக்கிழமை தோறும் எண்பது, தொண்ணூறு சர்க்கரை நோயாளிகள் மலையிலிருந்து இறங்கி வருவார்கள். யாருக்கு எவ்வளவு இன்சுலின் என்ற விவரமெல்லாம் அங்கிருந்த ஒரே கணினியில்தான் பார்க்க வேண்டும்.

மடத்தின் தலைவி மங்கையர்க்கரசிக்கு நாற்பது வயது. காவி கட்டுவதற்கு முன்னால் சேலத்தில் கணினி பழுது பார்த்தவர். எல்லாருக்கும் அவர் அரசியம்மா. அவருடைய சீடர்களில் மூத்தவர் பொன்னுரங்கம், அறுபத்தொரு வயது. அரசாங்கக் கிடங்குகளில் முப்பது வருடம் திருட்டுக் கண்டுபிடித்து ஓய்வு பெற்றவர். யாரையும் நம்ப முடியவில்லை, படுத்தால் தூக்கம் வருவதில்லை என்று சொல்லிக்கொண்டு வந்து சேர்ந்தார். அரசியம்மா அவருக்கு மந்திரம் எதுவும் சொல்லித் தரவில்லை. கணினியைக் கவனித்துக்கொள்ளச் சொன்னார். மருந்தகத்தில் யார் எப்போது என்ன செய்கிறார்கள் என்று நோட்டில் குறித்துவைப்பது அவராகவே சேர்த்துக்கொண்ட வேலை.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை அந்தக் கணினி நீலத் திரையைக் காட்டிவிட்டு அணைந்தது. மறுநாள் காலைக்குள் ஆறு தடவை அப்படி ஆனது.

“கம்ப்யூட்டரை இயக்கற ஓ.எஸ். கெட்டிருக்கலாம். புதுசா ஏத்திப் பாருங்க ஐயா. நோயாளிங்க விவரம் தனி டிஸ்க்ல பத்திரமா இருக்கு” என்றார் அரசியம்மா.

பொன்னுரங்கம் பென் டிரைவைச் செருகி ஏற்றத் தொடங்கினார். நாற்பத்தொரு சதவீதத்தில் நின்றது. ஏதோ ஒரு கோப்பைப் படிக்க முடியவில்லை என்று திரை சொன்னது. மறுபடி ஏற்றினார். அறுபத்து மூன்றில் நின்றது. பென் டிரைவ், ஒயர், ஹார்ட் டிஸ்க் மூன்றையும் ஒரேயடியாக மாற்றினார். இந்தத் தடவை பதினெட்டைத் தாண்டவில்லை.

அப்போதுதான் அவருக்குப் பிலோமினா ஞாபகம் வந்தது.

மூன்று வாரத்துக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்த நர்ஸ் அவள். கணவனை இழந்தவள். மடத்தில் கொடுத்த அறையை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. செவ்வாய்க்கிழமை மதியம் அந்தப் பக்கம் போனபோது, அவள் கணினிப் பெட்டிக்குப் பின்னால் குந்தியிருந்ததை அவர் பார்த்தார். அவரைக் கண்டதும் சட்டென்று கையை மூடிக்கொண்டாள். மூடுவதற்குள் விரலிடுக்கில் ஒரு திருகாணி பளிச்சிட்டது.

மதியம் குந்தியிருந்தாள். மாலையில் கணினி படுத்துவிட்டது. அவருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினார். பிலோமினாவை வேலையிலிருந்து நீக்கும் கடிதம். எடுத்துக்கொண்டு அரசியம்மாவிடம் போனார்.

“யாரோ உள்ள கை வெச்சிருக்காங்கம்மா.”

“யாரு?”

“அந்த நர்ஸ் பொண்ணு. பெட்டிக்குப் பின்னால குந்தியிருந்துச்சு. என்னைப் பார்த்ததும் கையில இருந்ததை மறைச்சுது.”

“அவங்ககிட்ட கேட்டீங்களா?”

“கேட்டா உஷாராயிடும். இன்னைக்கே அனுப்பிடறது நல்லது. நீங்க கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்.”

அரசியம்மா கடிதத்தைப் படித்தார். ‘ஸ்க்ரூ டிரைவரால் கணினியைத் திறந்துகொண்டிருந்ததைப் பொன்னுரங்கம் தன் கண்ணால் கண்டார்’ என்று இருந்த வரியில் விரலை வைத்தார்.

“ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்தீங்களா?”

“திருகாணியைப் பார்த்தேன். திருகாணி இருந்தா அதுவும் இருந்திருக்கும்ல?”

அரசியம்மா கடிதத்தோடு எழுந்து பொன்னுரங்கம் பின்தொடர மருந்தகத்துக்கு நடந்தார்.

கணினியின் மின் ஒயரைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றினார். உள்ளே கணினியின் நினைவகமான ராம் பட்டைகள் இரண்டு அடுத்தடுத்து இருந்தன. ஒன்றை உருவி மேசைமேல் வைத்துவிட்டு ஓ.எஸ்.ஸை ஏற்றினார். இருபத்தேழில் நின்றது.

“பார்த்தீங்களா?” என்றார் பொன்னுரங்கம்.

அரசியம்மா உருவியதைத் திரும்ப மாட்டினார். மற்றதை உருவினார். மறுபடி முதலிலிருந்து ஏற்றினார்.

அந்த நேரம் பார்த்துப் பிலோமினா வாசலில் வந்து நின்றாள்.

“நாளைக்குள்ள சரியாயிடுமாம்மா? அளவு தெரியாம ஊசி போட எனக்குப் பயமா இருக்கு.”

“பார்க்கலாம். ஐயா உங்ககிட்ட ஏதோ கேக்கணுமாம்.”

பொன்னுரங்கம் இதை எதிர்பார்க்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“நேத்து மதியம் பெட்டிக்குப் பின்னால என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

அவள் முகம் சுருங்கியது. “கம்மல் திருகாணி கழண்டு விழுந்துடுச்சுங்க சார். தேடி எடுத்தேன்.”

“அப்புறம் ஏன் என்னைப் பார்த்ததும் கையை மூடினீங்க?”

“வேலை நேரத்துல கம்மல் தேடினேன்னு நோட்டுல எழுதிடுவீங்களோன்னு பயந்துட்டேன்.”

அவர் விடவில்லை. “கம்மலைக் காட்டுங்க.”

அவள் தலையைச் சாய்த்துக் காது மடலை முன்னால் மடக்கினாள். மரை தேய்ந்த சின்னத் திருகாணி. மறுபடி கழலாமல் இருக்க அதில் வெள்ளை நூல் சுற்றியிருந்தது.

பொன்னுரங்கம் பார்வையைத் திருப்பித் திரையைப் பார்த்தார். அறுபத்து மூன்று கடந்தது. எண்பது கடந்தது. நூறு.

பிலோமினா கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள்.

பொன்னுரங்கம் மேசைமேல் கிடந்த ராம் பட்டையை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை.

“இதைக் கெடுத்தது யாரும்மா?”

“யாரும் இல்ல. நாள்பட்ட பட்டை. அதுவாப் போயிடுச்சு.”

“ஒவ்வொரு தடவையும் வேற வேற இடத்துல நின்னுச்சே?”

“பென் டிரைவ்ல இருக்கறதைச் சரியாத்தான் படிச்சுது. ஞாபகத்துல வெச்சுக்கற இடத்துல மாறிப் போச்சு.”

பொன்னுரங்கம் பட்டையைக் கீழே வைத்தார். கடிதம் அவர் எழுதியபடியே, அந்த ஸ்க்ரூ டிரைவர் வரியோடு, அரசியம்மாவின் கையில் இருந்தது.

“அப்போ நான் யாரையும் சந்தேகப்படவே கூடாதா?”

“சந்தேகப்படாம பழுது பார்க்க முடியாதுங்க ஐயா. ஒவ்வொண்ணா கழட்டித்தான் பார்க்கணும்.”

“எதுல இருந்து ஆரம்பிக்கறது?”

அரசியம்மா கையெழுத்துப் போடாத கடிதத்தை அவரிடமே நீட்டினார்.

“திரும்ப மாட்ட முடியறதுல இருந்து.”