கோழியாகிப் போன ஆடு

கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்கிறேன், ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை!

அம்மனுக்கு ஊரார் நேர்ந்துவிட்ட எட்டு ஆடும் பன்னிரண்டு கோழியும் தர்மகர்த்தா உலகப்பர் தொழுவத்துக்குள் போயின. சுள்ளி பொறுக்கும் சடச்சி ஊர்க்கூட்டத்தில் கேட்டாள்: "என் ஆட்டைக் கண்ணுல காட்டுங்க சாமி."

உலகப்பர் மீசையை முறுக்கினார். "உள்ளே தலை இருபது, கால் ஐம்பத்துநாலு. ஆடு எத்தனை, கோழி எத்தனை? சொன்னா கதவைத் திறக்கிறேன். இல்லாட்டி ஆட்டை மறந்துடு!"

"எல்லாத்துக்கும் ரெண்டு காலுன்னா நாற்பது. மிச்சம் பதினாலும் ஆட்டோட முன்னங்கால். ஆடு ஏழு, கோழி பதிமூணு."

"அட, சரியாச் சொல்லிட்டாளே!" என்று கைதட்டினார். அவர் மட்டும்தான் தட்டினார்.

"நாங்க விட்டது எட்டு ஆடாச்சே! உங்க தொழுவத்துக்கு என்ன சக்தி சாமி, உள்ளே போன ஆடு கோழியாயிடுச்சே!" என்றாள் சடச்சி.

பொழுது சாய்வதற்குள் உலகப்பரின் சொந்தக் கிடா சடச்சி வாசலில் நின்றது.

நான் சொன்னதாக மட்டும் யாரிடமும் மூச்சுவிடாதீர்கள். என் ஆடும் அவர் தொழுவத்துப் பக்கம்தான் மேய்கிறது.