எறும்புக்குப் பலமருந்து

எறும்பின் பலத்தைப் பத்து மடங்காக்கும் மருந்து கண்டுபிடித்துவிட்டதாகப் பேராசிரியர் ஆளவந்தார் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்திருந்தார். ஆனால் மருந்து தின்ற எறும்பு முட்டித் தள்ளியும், விசையை அளக்கும் கருவி பழையபடி ஐந்துதான் காட்டியது.

கோபமெல்லாம் ஆய்வகக் கருவிகளைத் துடைத்துப் பராமரிக்கும் பவுனம்மாள்மேல் பாய்ந்தது.

"நீதான் கருவியைக் கெடுத்திருக்கே! நாளைக்கு மானியக் குழு வருது. அதுக்குள்ள எண்ணு பத்து மடங்கு ஏறலைன்னா உனக்கு இங்க வேலை இல்லை."

"எண்ணுதானே ஐயா? ஏத்திடலாம்," என்றாள் பவுனம்மாள்.

மறுநாள் கருவி ஐம்பது காட்டியது. "எல்லாம் என் மருந்தோட மகிமை!" என்று ஆளவந்தார் மார்தட்டினார். கருவிக்குப் பக்கத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்ற பவுனம்மாளைக் குழுத் தலைவி கவனித்துவிட்டார்.

"எப்படிம்மா ஏறுச்சு?"

"பொத்தானை அமுக்கினேன்மா. நேத்து டைன்ங்கிற அலகுல காட்டுச்சு, இன்னைக்கு மைக்ரோநியூட்டன்ல காட்டுது. ஒரு டைன்னா பத்து மைக்ரோநியூட்டன். இன்னொரு தடவை அமுக்கினா நானோநியூட்டன்ல ஐம்பதாயிரம்னு காட்டும். எறும்பு பாவம், அதே பலத்தோடதான் தள்ளுது."

தலைவி ஆளவந்தார் பக்கம் திரும்பினார். "இது உங்களுக்குத் தெரியாதா சார்?"

ஆளவந்தார் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "அந்த மாதிரி விஷயமெல்லாம் எங்க பவுனம்மாதான் பாத்துக்கும்."