மாவு படிந்த செருப்பு

தூத்துக்குடியில் உப்பளத்துக்குப் போகிற சாலையில் ஜெசிந்தாவின் பழைய இரும்புக்கடை இருந்தது. வாத்தியார் அவள்தான். சீடர் பலவேசம். சீடருக்கு வாத்தியாரைவிடப் பதினைந்து வயது கூடுதல்.

பலவேசம் வேலை பார்த்த நூல் மில்லை மூடிவிட்டார்கள். பேரன் எடுக்கிற வயதில் தொழிலை அரிச்சுவடியிலிருந்து தொடங்கினார். அவர் அவளை வாத்தியாரம்மா என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். கேட்டதைச் சொல்லிக் கொடுப்பாள். கேட்காததைச் சொல்ல மாட்டாள்.

காந்தம் ஒட்டினால் இரும்பு என்று கற்றார். ஒட்டவில்லை என்றால் உடனே துள்ளக் கூடாது என்றும் கற்றார். மின்விசிறி மோட்டாருக்குள் செம்பு போல மினுங்கும் கம்பியைக் கத்தியால் சுரண்டினால், சில சமயம் உள்ளே அலுமினியம் வெள்ளையாகச் சிரிக்கும்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. மிக்சியோ, பிரிட்ஜோ, எதுவானாலும் உடைக்கும் முன் ஒரு தடவை பிளக்கில் மாட்ட வேண்டும். ஓடினால் சுவரோரம் வரிசையில் வைக்க வேண்டும், செகண்ட் ஹேண்டாக விற்கலாம். ஓடாவிட்டால்தான் சுத்தியல்.

வரிசையில் வைத்ததை ஜெசிந்தா பிறகு ஒரு தடவை போய்ப் பார்ப்பாள். போகும்போது செருப்பைக் கழற்றிவிடுவாள். எப்போதாவது ஒன்றின்மேல் சாக்பீஸால் குறுக்காக இரண்டு கோடு இழுப்பாள். கோடு விழுந்தது ஓடினாலும் உடைக்கத்தான் போகும். வேதக்காரர்கள் வழக்கப்படி ஏதோ சிலுவை போடுகிறாள் என்று பலவேசம் நினைத்துக்கொண்டார். ஒருமுறை மரியாதைக்குத் தானும் கையெடுத்துக் கும்பிட்டார். என்ன ஏது என்று கேட்கவில்லை.

அன்றைக்குக் காலையில் அவருக்கு வேலை ஓடவில்லை. ஒரே ஸ்குரூவைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"வாத்தியாரம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"மத்தியானம் மாப்பிள்ளை வாறாவ, வள்ளிமயிலைக் கூட்டிட்டுப் போக. அனுப்பவா, வேண்டாமா?"

வள்ளிமயில் அவருடைய ஒரே மகள். சாத்தூரில் கட்டிக் கொடுத்திருந்தார். போன வாரம் ஒரு பையோடு வந்து இறங்கினவள் திரும்பிப் போகவில்லை. பொங்கலுக்கு முன்னாலும் இப்படித்தான் வந்தாள். அப்போது பலவேசம் அவளுக்கு ஒரு புதுச் சேலை எடுத்துக் கொடுத்து, நாலு நல்ல வார்த்தை சொல்லி, பஸ் ஏற்றிவிட்டார்.

"மாப்பிள்ளை எப்படி?" என்றாள் ஜெசிந்தா.

"குறை சொல்ல முடியாது. குடி கிடையாது. சம்பளம் அப்படியே வீட்டுக்கு வருது. என்னையக் கண்டா எந்திரிச்சு நிப்பாவ."

"வள்ளி என்ன சொல்லுதா?"

"போக மாட்டேங்கா. அதையேதான் சொல்லுதா."

"ஏன்னு கேட்டீங்களா?"

"என்னத்தக் கேக்க? அவ அம்மை கேட்டிருப்பா."

அதற்குள் கடை முன்னால் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது.

ஆட்டோவில் பழைய காலத்து கிரைண்டர் ஒன்று இருந்தது. தகரத்தில் கூடு போட்ட கனமான கிரைண்டர். கூடவே ஒரு கணவனும் மனைவியும். கணவன் முன்னால் வந்தான். மனைவி ஆட்டோவுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டாள்.

"ரன்னிங் கண்டிஷன். இரும்பு விலைக்குப் போட மாட்டேன், சொல்லிட்டேன்" என்றான் கணவன். "இவதான் இது வேண்டாம், புதுசு வாங்கணும்னு ஒரே பிடிவாதம்."

பலவேசம் இறக்கி வைத்து பிளக்கை மாட்டினார். கல் அழகாகச் சுற்றியது. முனகல்கூட இல்லை.

"பாத்தீங்களா? தினமும் என் கையாலதான் சுவிட்ச் போடுதேன். ஒருநாள் மக்கர் பண்ணினது கிடையாது."

"மாவு தள்ளுறது யாரு?" என்றாள் ஜெசிந்தா.

"அது இவதான்."

ஜெசிந்தா மனைவியைப் பார்த்தாள். அவள் கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்திருந்தாள்.

"இரும்பு விலைதான் வரும்" என்றாள் ஜெசிந்தா.

கணவன் குதித்தான். நாலு கடை ஏறி இறங்கினால் நல்ல விலை கிடைக்கும் என்றான். "எடுத்துக்கிடுங்க, இரும்பு விலைக்கே எடுத்துக்கிடுங்க" என்று மனைவி அங்கிருந்தே சொன்னாள். அவள் பேசியது அவ்வளவுதான். கணவன் முணுமுணுத்துக்கொண்டே பணத்தை வாங்கிக்கொண்டான். போகும்போது ஆட்டோவுக்குள்ளிருந்து ஒரு ஜோடி ரப்பர் செருப்பை எடுத்து கிரைண்டர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். பழைய செருப்பு. வாரெல்லாம் மாவு காய்ந்து வெள்ளையாக இருந்தது.

ஆட்டோ போனதும் பலவேசத்துக்குத் தாங்கவில்லை.

"நல்ல சாமான். வரிசையில வச்சா நாளைக்கே போயிரும். இதுக்கு இரும்பு விலை கொடுத்தது நியாயமா? செருப்பை வேற போட்டுட்டுப் போறா, கிறுக்கி."

அவர் பையில் போன் அடித்தது. அவர் மனைவி.

"மாப்பிள்ளை சீக்கிரமே வந்துட்டாவ. வள்ளி அடுக்களையை விட்டு வெளிய வரல. என்ன செய்ய?"

"அவ பையை எடுத்து வாசல்ல வை" என்றார் பலவேசம். "நான் வந்து பேசி அனுப்புதேன்."

போனை வைத்துவிட்டுக் கிளம்பப் போனார். ஜெசிந்தா கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, இதை வரிசையில வைக்கலாம்னு சொன்னீங்கல்லா? ஒரு தடவை தொட்டுப் பாத்துட்டு வைங்க."

கிரைண்டர் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. பலவேசம் கை நீட்டினார்.

"உள்ளங்கையால வேண்டாம். புறங்கை."

புறங்கையால் தகரத்தைத் தொட்டார். ஒன்றும் இல்லை.

"நல்லாத்தான இருக்கு."

"செருப்பைக் கழத்துங்க."

கழற்றினார். சிமெண்ட் தரை ஈரமாக இருந்தது. மறுபடி தொட்டார். கை தானாகவே பின்னால் தெறித்தது. முழங்கை வரை சுரீரென்று ஏறியது. பலவேசம் இரண்டடி தள்ளிப் போய் நின்று கையை உதறினார்.

"எம்மா! கரண்டு அடிக்குதே!"

ஜெசிந்தா சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்கினாள். கிரைண்டர் மேல் சாக்பீஸால் குறுக்காக இரண்டு கோடு இழுத்தாள். அந்தக் கோடு என்ன என்று பலவேசத்துக்கு அப்போதுதான் புரிந்தது. கும்பிட்டது நினைவுக்கு வந்து வெட்கமாகவும் இருந்தது.

"இவ்வளவு அடிக்குது. ஒரு குறையும் இல்லன்னு சொன்னானே, படுபாவி. எப்படிப் பொய் சொல்லுதான் பாருங்க."

"அவரு பொய் சொல்லல அண்ணாச்சி. அவரு தொட்டது சுவிட்சை மட்டும்தான்."

பலவேசம் ஒரு கவிழ்த்த தகர டப்பா மேல் உட்கார்ந்தார். கையில் இன்னும் அந்த விறுவிறுப்பு போகவில்லை.

"ஒரு வயரை மாத்தியிருந்தா சரியாப் போயிருக்கும். ரிப்பேருக்குக் கொண்டு போயிருக்கலாம்லா."

"அடிக்குதுன்னு ஒத்துக்கிட்டாத்தான ரிப்பேரு?"

"சரி. அந்தப் பிள்ளையாவது வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாம்லா? சொன்னாத்தான மத்தவங்களுக்குத் தெரியும்?"

ஜெசிந்தா அந்த மாவு படிந்த செருப்பை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள்.

"சொல்லியிருக்கா அண்ணாச்சி. சொன்னதுக்குத்தான் இதை வாங்கிக் கொடுத்திருக்காவ."

பலவேசம் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பொங்கலுக்கு முன்னால் மகளுக்கு எடுத்த சேலை என்ன நிறம் என்று யோசித்தார். பச்சை. கரையில் மாங்காய் போட்டது. நல்ல சேலைதான், அவரே கடையில் நின்று பார்த்து எடுத்தார். மகள் அதை வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தையும் சொல்லாமல் பஸ் ஏறினாள். சேலை பிடித்துவிட்டது என்று அன்றைக்கு அவர் சந்தோஷப்பட்டிருந்தார்.

ஜெசிந்தா ஒரு மிக்சி மோட்டாரைப் பிரிக்க உட்கார்ந்துவிட்டாள். அவர் பக்கம் திரும்பவில்லை.

போன் மறுபடி அடித்தது.

"பையை வாசல்ல வச்சிட்டேன்" என்றாள் மனைவி. "மாப்பிள்ளை எடுத்து வண்டியில மாட்டப் போறாவ. நீங்க எப்ப வருவீங்க?"

பலவேசம் வெறுங்காலோடு ஈரத் தரையில் எழுந்து நின்றார்.

"அந்தப் பையை உள்ள எடுத்து வை" என்றார்.