பாயசத்துக்கு அடுத்த காட்சி

"அந்த நாடகத்தை நிறுத்துங்க சாமி. இல்லேன்னா நான் மடத்தை விட்டே போயிடறேன்."

அம்பலவாணருக்கு மூச்சு வாங்கியது. மடத்துச் சீடர்களில் மூத்தவர். குருவைவிடப் பத்து வயது அதிகம். கோபமா? அடேயப்பா, அதைக் கேட்கவே வேண்டாம்!

குரு வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"எந்த நாடகம்?"

"திருவிழாவுக்கு நெசவாளர் தெருவுல போடறாங்களே, அது. சாமியார் வேஷமாம்! வயித்துல தலையணை கட்டிக்கிட்டு, உபதேசத்துக்கு நடுவுல 'இன்னிக்கு என்ன பாயசம்'னு கேக்கறான்."

"நான் கேக்கறது நிஜம்தானே?"

"நிஜம்தான். அதுக்காக ஊர் சிரிக்கணுமா?" அவர் குரல் உடைந்தது. "உங்களைப் பார்த்துச் சிரிக்கறாங்க சாமி. எனக்குத் தாங்கலை."

"முழுசும் பார்த்தீங்களா?"

"ஒத்திகையில பாயசக் காட்சியோட எழுந்து வந்துட்டேன்."

குரு கத்தியைக் கீழே வைத்தார். "வாங்க, மிச்சத்தையும் பார்ப்போம்."

அம்பலவாணர் தம் பிரம்பை எடுத்துக்கொண்டார். பிரசாத வரிசையை ஒழுங்குபடுத்துகிற பிரம்பு அது. அதற்கு அஞ்சாதவர் ஊரில் இல்லை.

நெசவாளர் தெருக் கொட்டகையில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. குருவைக் கண்டதும் சாமியார் வேஷக்காரர் மாசிலாமணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தலையணை நழுவிக் கீழே விழுந்தது.

குரு அதை எடுத்துத் தூசி தட்டி, அவர் வயிற்றில் இறுக்கிக் கட்டினார்.

"இது சின்னதா இருக்குப்பா. என்னோடதை அனுப்பறேன். ம், மேல நடத்து."

அடுத்த காட்சி. முருங்கைக் குச்சியோடு ஒல்லியாக ஒருவர் மேடையில் பாய்ந்தார்.

"சிரிச்சது யாரு? சிரிச்சவனுக்கு நாளைக்குப் பொங்கல் கிடையாது!"

கொட்டகையில் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாரும் அம்பலவாணரைப் பார்த்தார்கள். குரு மட்டும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் வயிறு குலுங்கியது.

"யாருய்யா அது, சிரிக்கறது?" என்று அதட்டிப் பிரம்பை ஓங்கினார் அம்பலவாணர்.

ஓங்கிய கை அப்படியே நின்றது.

மேடையில் முருங்கைக் குச்சி நடுங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தார். தம் பிரம்பைப் பார்த்தார்.

மெல்ல மேடையேறி, குச்சியை வாங்கி ஓரமாக வைத்தார்.

"முருங்கை ஒடிஞ்சுடும்பா. இதை வச்சுக்கோ" என்று பிரம்பை நீட்டினார். "அப்புறம், 'சிரிச்சது யாரு'ன்னு ஒரு தடவை கேட்டா பத்தாது. நான் மூணு தடவை கேப்பேன்."