மூளியின் வால்

கண்மாய்க் கரையில் ஒரு செம்மறி மந்தை மேய்ந்துகொண்டிருந்தது. அதில் செவந்தி என்றொரு ஆடு. அவளுக்கு வழி தெரியாது. முன்னால் போகும் மூளி என்ற ஆட்டின் வால்தான் தெரியும். வால் நடந்தால் நடப்பாள், நின்றால் நிற்பாள்.

மூளிக்கு ஒரு காது இல்லை. குட்டியில் நாய் கடித்தது.

பொழுது சாய்ந்தால் மேய்ப்பர் குரல் கொடுப்பார். குரல் வரும் திசையில்தான் அன்றைக்குக் கிடை, ராத்தங்கல்.

"என்ன சொல்றாரு?" என்பாள் செவந்தி, வாயில் புல்லோடு.

"நீயே கேளேன்டி. ஒத்தைக் காதுக்காரி எனக்கே கேக்குது. உனக்கு வெத்தலை மாதிரி ரெண்டு இருக்கே."

"நீ கேட்டாப் போதாதா? எங்க அம்மாவும் அவர் குரலுக்கு நடந்தவதான். பரம்பரையா நாங்க இந்த மந்தை. என்னை விட்டுட்டா போயிடுவாரு?"

ஒருநாள் ஓர் ஆட்டு வியாபாரியின் மந்தையும் தண்ணீருக்கு வந்தது. இரண்டும் கலந்தன. புழுதி எழும்பியது. இரண்டு பக்கமும் குரல் கேட்டது. ஆடுகள் பிரிந்து நடந்தன. செவந்தி கண்ணில் பட்ட வாலைப் பிடித்துக்கொண்டாள்.

'இன்றைக்கு மூளிக்கு என்ன உற்சாகம்? வாலைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாளே.'

ரோடு வந்ததும் வால் திரும்பிப் பார்த்தது. அதற்குத் தாடி இருந்தது.

"ஏம்மா, எவ்வளவு நேரமா என் பின்னாலயே வர்றே? வெள்ளாட்டை நீ பார்த்ததே இல்லையா?" என்றது.

"நீங்க மூளி இல்லையா? எங்கே போறோம்?"

"அதோ லாரி. அதுல ஏறினவங்க யாரும் திரும்பி வந்து நல்லாயிருக்குன்னு சொன்னதில்லை."

"அப்புறம் ஏன் போறீங்க?"

வெள்ளாடு தாடியை ஆட்டி யோசித்தது. "முன்னால ஒரு வால் போகுது. அதான்."

செவந்தி நின்றுவிட்டாள். பார்க்க மூளியின் வால் இல்லை. வாயிலிருந்த புல்லைத் துப்பினாள். கண்ணை மூடினாள். லாரியின் உறுமலுக்கும் வியாபாரியின் அதட்டலுக்கும் அப்பால், மெல்லிசாக ஒரு குரல்.

"செவந்தீ... ஏ, செவந்தீ..."

"என் பேரு!" என்றாள்.

"உன்னைத்தான் தேடுறாரு போல. இங்கேயே நில்லு, வந்து தூக்கிட்டுப் போகட்டும்."

"கூப்பிட்டது என்னை. நான்தான் திரும்பணும்."

வாய்விட்டுக் கத்திக்கொண்டே அந்தக் குரலை நோக்கி ஓடினாள். கரை வரைக்கும் ஓட வேண்டியிருக்கவில்லை. மேய்ப்பர் ஏற்கெனவே பாதி வழி வந்திருந்தார். பின்னால் வெள்ளாடு, லாரிக்கு முதுகைக் காட்டி நின்று, காதைத் தூக்கிக்கொண்டிருந்தது.

கிடைக்குள் மூளி படுத்திருந்தாள்.

"மூளி, உனக்குத் தெரியுமா? அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுறாரு!"

"தினமும்தான் கூப்பிடுறாரு," என்று மூளி அசைபோட்டாள்.

ஆண்டவர் தேடி வருவது அவர் கிருபை. ஆனால் அவர் சித்தத்தைத் தன் காதால் கேட்டு, தன் காலால் திரும்பாதவனை அடுத்தவரின் விசுவாசம் கரைசேர்க்காது.