அடுத்த சொல்

"உன் பெயர் என்ன?" என்று மறுபடியும் கேட்டது களஞ்சியம்.

"தெரியாது" என்றது மேசைமேல் கிடந்த பழைய ஏட்டுக்கட்டு. அதன் முகப்புத் தாள் அட்டையோடு போய்விட்டது. பின்பாதியையும் காணவில்லை.

"எழுதியவர்?"

"அவர் பெயர் கடைசித் தாளில் இருந்திருக்கும்."

"பிறகு உன்னை நான் எங்கே வைப்பது?"

களஞ்சியம் பச்சைத் துணி அட்டை போட்ட தடித்த நூல். அரபு நூல்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் இன்னது இன்னாருடையது என்று சொல்லும். அந்த மதரசா நூலகத்தில் அதன் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

தரையில் கிடந்த சாக்கு சிரித்தது. "என்னிடம் வா. நான் யாரிடமும் பெயர் கேட்பதில்லை."

இறைவன் பெயர் எழுதிய தாளைக் குப்பையில் போடுவதில்லை. சிதைந்தவற்றையும் அடையாளம் தெரியாதவற்றையும் சாக்கில் கட்டிப் படகில் கொண்டுபோய் ஆழ்கடலில் விடுவார்கள். அன்று படகு வரும் நாள்.

"எனக்கு ஒன்று தெரியும்" என்றது ஏடு. "என்னுடைய அடுத்த சொல்."

அந்தக் காலத்தில் பக்க எண் போடுவதில்லை. தாள் கலைந்தாலும் சேர்த்துக்கொள்ள, அடுத்த பக்கத்தின் முதற்சொல்லை இந்தப் பக்கத்தின் அடிமூலையில் எழுதிவைப்பார்கள். ஏட்டின் கடைசி வரி, 'கடலோர மணலில் தோண்டினாலும் ஊறும் தண்ணீர்' என்று நின்றது. மூலையில் சாய்வாக ஒரு சொல்: 'இனிக்கும்.'

களஞ்சியம் கொஞ்சம் தயங்கியது. "'இனிக்கும்' என்று தொடங்கும் பிரதி ஒன்று மேல் அலமாரியில் இருக்கிறது. ஆனால் அது முழுமையானது. 'இறைவன் பெயரால்' என்னும் பிஸ்மி இல்லாமல் தொடங்குவது அந்த ஆசிரியரின் துணிச்சலான தனிப்பாணி. நான் எழுதியிருக்கிறேன். அதை வைத்து அறிஞர்கள் கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள்."

"பிஸ்மி சொல்லாமல் பேனாவைத் தொடும் மார்க்க அறிஞரை, ஓர் ஆலிமை, நீ பார்த்திருக்கிறாயா?"

"நான் தவறிவிட்டேன் என்கிறாய்."

"அந்தச் சொல்லுக்கு முன்னால் நான் இருக்கிறேன் என்கிறேன்."

"களஞ்சியமே, வாயைத் திறக்காதே" என்றது சாக்கு. "படகு போய்விட்டால் உன்னைக் கேட்க ஆளில்லை."

கதவு திறந்தது. நூலகர் நூகுத்தம்பியும், பிரதிகளைப் பிரித்து வைக்க வந்திருந்த ஆய்வாளர் ரமீஸாவும் உள்ளே வந்தார்கள்.

"அந்த மொட்டைக் கட்டையும் சாக்குல போடும்மா. படகு வந்தாச்சு."

"களஞ்சியத்துல இன்னொரு தடவ பாத்துக்கறேன், காக்கா."

"நேத்துத்தானே பாத்தே? அதுல இல்லேன்னா உலகத்துலயே இல்ல."

"உலகம் அதவிடக் கொஞ்சம் பெருசு காக்கா."

அவள் களஞ்சியத்தைத் தூக்கி மேசையில் வைத்தாள். எல்லாரும் புரட்டிப் புரட்டித் தளர்ந்த பக்கங்கள் அதற்கு எத்தனையோ இருந்தன. அவற்றில் ஒன்றில் அது திறந்திருக்கலாம். திறக்கவில்லை. யாரும் அதிகம் தொடாத ஒரு பக்கத்தில் விரிந்தது.

ரமீஸாவின் விரல் வரிவரியாக இறங்கி ஓரிடத்தில் நின்றது. அவள் ஏட்டின் மூலையைப் பார்த்தாள். திரும்பவும் களஞ்சியத்தைப் பார்த்தாள்.

"காக்கா, ஏணியப் புடிங்கோ."

"படகுக்காரன் கத்துறான்மா."

"கத்தட்டும்."

மேல் அலமாரிப் பிரதியை இறக்கி ஏட்டின் பக்கத்தில் வைத்தாள். கையெழுத்து ஒன்றுதான், மசியும் ஒன்றுதான். ஏதோ ஒரு பூச்சி ஏட்டில் போட்ட துளை, அடுத்ததில் அதே இடத்தில் தொடர்ந்தது.

நூகுத்தம்பி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அப்ப அந்தத் தனிப்பாணி?"

"இதோ இருக்கு பிஸ்மி, உங்க மொட்டைக் கட்டுல. தலைய இவ்வளவு நாளு சாக்குக்குப் பக்கத்துல வச்சிருந்திருக்கோம்."

"படகைப் போகச் சொல்லட்டுமா?"

"சாக்கக் குடுத்து அனுப்புங்கோ. இது இங்கேயே இருக்கும். என் பென்சில் எங்க?"

அவள் தேடினாள். மேலே மின்விசிறி வேகமாகச் சுற்றியது. மேசையிலிருந்த மற்ற தாள்கள் எல்லாம் படபடத்தன. பென்சில் கிடைத்து, 'முழுமையான பிரதி' என்ற வரியை அடிக்கும்வரை, களஞ்சியம் அந்தப் பக்கத்தை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தது.